கடலில்லாத தாமிர தேசம்

சரக்கு ரசீதுகளோடு நாள் முழுதும் உழல்பவனுக்கு, எந்த தேசத்தின் படத்தைக் கண்டாலும் இருப்புப் பாதையின்மீதே கண் செல்லும். ஆப்பிரிக்காவின் தென்பாகத்திலுள்ள ஜாம்பியாவின் சரித்திரமே இருப்புப் பாதையின் சரித்திரம் எனலாம். எட்டு நாடுகள் அதைச் சூழ்ந்துள்ளன. கடல் எப்பக்கமும் இல்லை.

பரப்பு சுமார் 7,52,600 சதுர கிலோமீட்டர்; நம் இந்தியாவில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஜனத்தொகையோ 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரண்டு கோடியைக்கூட எட்டவில்லை. உயர்ந்த பீடபூமியாதலால் வெயில் அத்தனை கடுமையன்று. தலைநகர் லுசாக்கா. அரசாங்க மொழி ஆங்கிலம். மக்கள் பெம்பா, நியாஞ்சா, டோங்கா முதலிய பல மொழிகள் பேசுகின்றனர். ஜாம்பெசி நதி நாட்டுக்குப் பெயரைத் தந்தது. அதன்மீதுள்ள கரீபா அணை மின்சாரம் தருகிறது.

வடக்கு ரொடீஷியா என்னும் பெயரில் பிரிட்டிஷாரிடம் இருந்த இந்நாடு 1964 அக்டோபர் 24ஆம் நாள் விடுதலை பெற்றது. காந்தியடிகளின் நெறியில் ஈடுபாடுடைய கென்னத் கவுண்டா முதல் ஜனாதிபதியானார். கிட்வே, என்டோலா வட்டாரத்தில் தாமிரம் ஏராளம். ஆனால் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதையோ தெற்கேயுள்ள ரொடீஷியா வழியே சென்றது. 1965இல் அங்கே வெள்ளைச் சிறுபான்மையினர் தாமாகவே சுதந்திரப் பிரகடனம் செய்து ஆட்சியைப் பற்றிக்கொண்டனர். 1973இல் எல்லையே மூடப்பட்டது. பொருள் தன்னுடையது, வழி பிறனுடையது என்றால் சுதந்திரம் எவ்வாறு முழுமையாகும்?

கிழக்கே தான்சானியா வழியாகப் புதுப்பாதை அமைக்க எண்ணினர். கட்டுப்படியாகாது என்று மேலைநாட்டு நிபுணர்கள் கைவிரித்தனர். சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. 1970இல் தொடங்கி 1975இல் முடிந்த அப்பாதை, கபிரி இம்போஷியிலிருந்து தார் எஸ் சலாம் வரை 1,860 கிலோமீட்டர். அதன் அகலம் 1,067 மில்லிமீட்டர். தான்சானியாவின் பழைய பாதையோ, நம்மில் மூத்தவர்கள் எழும்பூரிலிருந்து பயணம் செய்த அதே 1,000 மில்லிமீட்டர். வெறும் 67 மில்லிமீட்டர்தானே என்று பிறர் நினைக்கலாம். வண்டி மாற்றிச் சரக்கேற்றும் கூலியாட்களின் முதுகைக் கண்டவர்கள் அவ்வாறு நினையார்.

பாதை முடிந்த வேளையில் தாமிரத்தின் விலை சரிந்தது, கடன் பெருகியது. 1991 தேர்தலில் தோற்ற கவுண்டா அமைதியாகப் பதவியை விட்டு இறங்கினார். 2020இல் வெளிநாட்டுக் கடன் தவணை தவறியது. மறு ஆண்டு ஹகைண்டே ஹிசிலேமா ஜனாதிபதியானார். 2024இல் மழை பொய்த்ததால் கரீபாவில் நீர் குறைந்து, நாடு இருளில் தவித்தது.

ஏற்றுமதியில் இன்றும் பெரும்பங்கு தாமிரமே. ஆண்டுக்கு 20 லட்சம் டன் ஏற்றக் கருதி அமைத்த பாதை அவ்வளவை ஒருநாளும் கண்டதில்லை. தாமிரத்தின் பெரும்பகுதி லாரிகளில் போகிறது. ரயில் குமாஸ்தாவின் மனம் இதை ஏற்க மறுக்கிறது.