ஒரு லிட்டர் சாக்கடை

போலியோ வைரஸ் தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கும். மற்றவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்து போய்விடும். பெரும்பாலோருக்கு அதுகூட இராது. ஆனால் அத்தனை பேரும் வாரக்கணக்கில் மலத்தின் வழியே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால், முதல் குழந்தை கால் தளர்ந்து வரும் நாளில் கிருமி ஊரையே ஒரு சுற்று சுற்றி முடித்திருக்கும். அதனால்தான் அதைச் சாக்கடையில் தேடுகிறார்கள்.

இது கொரோனா காலத்தில் பிறந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். 1939-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் போலியோ பரவியபோதே, யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பாலும் ஜேம்ஸ் டிராஸ்க்கும் அந்த ஊர்ச் சாக்கடை நீரைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். குரங்குகளுக்குப் போலியோ வந்தது. வைரஸ் இருப்பதைக் கண்டறிய அன்று வேறு வழியில்லை.

இன்றைய முறை குரங்குகளை விட்டுவிட்டது. காலையில், ஊர் கழிவறைக்குப் போய்வந்த நேரமாகப் பார்த்து, வாளியைக் கயிற்றில் இறக்கி ஒரு லிட்டர் மொள்கிறார்கள். ஐஸ் பெட்டியில் ஆய்வகம் வந்துசேரும் அந்த நீரில் அரை லிட்டரை எடுத்து, இரண்டு வகைப் பாலிமர்களையும் உப்பையும் கலந்து, அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனலில் ஊற்றிக் குளிரில் ஓரிரவு வைக்கிறார்கள். விடியும்போது அது இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். வைரஸ் எல்லாம் கீழடுக்கிலும் இரண்டும் சந்திக்கும் விளிம்பிலும் வந்து சேர்ந்துவிடும். குழாயைத் திறந்து அந்தச் சில மில்லிலிட்டரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். எலியின் செல்லுக்குள் போலியோ வைரஸால் நுழைய முடியாது. அது பற்றிக்கொள்ளும் புரதம் அங்கே இல்லை. அந்த ஒரு மனிதப் புரதத்தை மட்டும் மரபணு வழியாகச் சேர்த்த எலிச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். சாக்கடையில் நூறு வகை வைரஸ் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை இந்தச் செல்களை ஒன்றும் செய்யாது. போலியோ இருந்தால், பாய் விரித்ததுபோல் அடியில் ஒட்டியிருந்த செல்கள் சில நாட்களில் உருண்டு, கழன்று, மிதக்கத் தொடங்கும்.

இந்தியாவில் இந்தக் கண்காணிப்பு 2001-ல் மும்பையில் தொடங்கியது. இயற்கைப் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. அதற்குப் பிறகும் வாளி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 2016-ல் ஹைதராபாத் சாக்கடை மாதிரி ஒன்றில் இரண்டாம் வகைப் போலியோ வைரஸ் அகப்பட்டது. சொட்டு மருந்திலிருந்த வைரஸின் உருமாறிய வடிவம் அது. ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. ஆனாலும் ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் தடுப்பூசி போட்டு முடித்தார்கள். நோயாளியே இல்லாத ஊரில் இப்படியொரு ஓட்டம் தேவையா என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம். தேவைதான். நோயாளி வரும்வரை காத்திருப்பது போலியோவில் கட்டுப்படியாகாது.

கொரோனா வந்தபோது வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2020 மே மாதம் ஆமதாபாத் கழிவுநீரில் காந்திநகர் ஐஐடி குழு அதன் மரபணுத் தடயத்தைக் கண்டது. சென்னையிலும் எஸ்ஆர்எம் ஆய்வாளர்கள் தேடினார்கள். இங்கே செல் வளர்ப்புக்குப் பதில், மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர். ஆனால் மழை பெய்தால் சாக்கடை நீர்த்துப்போகும், வைரஸ் குறைந்ததுபோல் தோன்றும். இதைச் சரிக்கட்ட உலகமெங்கும் ஆய்வகங்கள் நாடுவது மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை. அது நம்மை ஒன்றும் செய்யாது. உணவோடு உள்ளே போய் அப்படியே வெளியே வரும். மழையில் இதுவும் சேர்ந்தே குறையும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடலாம். காரம் அதிகம் தின்னாத நாடுகளின் சாக்கடையிலேயே இது தாராளமாகக் கிடைக்கிறது. செட்டிநாட்டுக்கு அடுத்த வாசலில் இருக்கும் பொன்னமராவதியில் பஞ்சமா வரும்?

ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் பெருநகரங்கள். பொன்னமராவதி போன்ற சின்ன ஊரில் வாளியை எங்கே இறக்குவது? அது பேரூராட்சி. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். டேங்க் நிறைந்ததும் வந்து உறிஞ்சிப்போகும் லாரியில் மாதிரி எடுக்கலாமே என்று தோன்றும். அந்த லாரியில் இருப்பது ஒரு வீட்டின் பல வருடக் கழிவு. போன வாரம் ஊரில் என்ன பரவியது என்று அது சொல்லாது.

தெருவோரச் சாக்கடையில் பெரும்பாலும் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்தான். ஆனால் செப்டிக் டேங்கின் உபரிக் குழாயைச் சத்தமில்லாமல் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகள் எந்த ஊரில்தான் இல்லை? சுகாதாரத்துக்குக் கேடான அந்தக் குறுக்குவழி இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவும்.

அப்படி மெலிதாக ஓடும் நீரில் எப்போதோ ஒருமுறை வாளி விட்டால் ஒன்றும் சிக்காமல் போகலாம். அதற்கு பிரெண்டன் மூர் என்ற ஆய்வாளர் 1948-ல் வெளியிட்ட வழி இருக்கிறது. காயத்துக்குக் கட்டும் அதே காஸ் துணியை மடித்துக் கம்பியில் கட்டி ஓரிரு நாள் சாக்கடையில் தொங்கவிடுவது. ஓடும் நீர் அதன் வழியே வடிந்து போகும். கிருமி இழைகளில் தங்கும். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் டைபாய்டு பாக்டீரியாவைத் தேட இதே துணியைத்தான் சாக்கடைகளில் கட்டினார்கள்.

மூர் இன்னொன்றும் செய்தார். சாக்கடை பிரியும் ஒவ்வொரு முனையிலும் துணி கட்டி, கிருமி வந்த திசையில் மேலேறி, பாராடைபாய்டு கிருமியை அறியாமல் சுமந்துகொண்டிருந்தவரின் வீடுவரை போனார். சின்ன ஊரில் இதை நான் ஏற்கமாட்டேன். 2020-ல் கொரோனாவுக்காகத் தகரம் அடித்து அடைத்த தெருக்களையும், அந்தத் தெருக்காரர்களைப் பிறகு பல நாள் மற்றவர்கள் பார்த்த பார்வையையும் யாரும் மறந்திருக்க முடியாது. தெருவுக்கு ஒரு துணி கட்டினால் மறுபடி அதுதான் நடக்கும்.

பேருந்து நிலையக் கழிப்பறை, அரசு மருத்துவமனை, பங்குனியில் கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போடும் தற்காலிகக் கழிப்பறைகள் ஆகிய இடங்களில் வெளியேறும் குழாய்களில் கட்டலாம். அங்கே யாருடைய வீடும் தெரியாது. வெளியூர்க் கூட்டமும் கலந்திருக்கும் என்பது குறைதான். கிருமி சிக்கினால் அது பொன்னமராவதியினுடையதா, மதுரைப் பேருந்தில் வந்திறங்கியதா என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வரும் தொற்று முதலில் கால்வைக்கும் இடமும் பெரும்பாலும் பேருந்து நிலையம்தானே. சிக்கிய பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து, விடுபட்ட குழந்தைகளை அந்த வாரத்துக்குள் தேடிப்போவது.