பழைய டீசல் எந்திரங்களில் குளிர்நிலைத் தொடக்கக் கோளாறு

குளிர்நிலைத் தொடக்கக் கோளாறு என்பது, பல மணி நேரம் நின்று ஆறிப்போன டீசல் எந்திரம் எளிதில் இயங்கத் தொடங்காத நிலையாகும். ஒருமுறை சூடேறிய பின் அதே எந்திரம் சிரமமின்றிக் கிளம்புவது இதன் அடையாளம். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய எந்திரங்களில் இதற்கான காரணத்தைச் சில எளிய சோதனைகளால் கண்டறியலாம். வரிசையின்றிச் சோதித்தால், நன்றாக உள்ள எரிபொருள் பம்பைக் கழற்றும் வீண்செலவு நேரலாம்.

அடிப்படை

டீசல் எந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று அமுக்கப்படும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அமுக்க விகிதம் 20 உள்ள எந்திரத்தில் 20 °C காற்று வேகமாக அமுக்கப்பட்டால், கணக்கின்படி 600 °C-க்கும் மேல் சூடாகும். எந்திரம் மெதுவாகச் சுழன்றால் காற்று கசியும். குளிர்ந்த உலோகமும் வெப்பத்தை உறிஞ்சும். அப்போது இந்த வெப்பநிலை 350 °C அளவுக்கே எட்டலாம். டீசல் 210 °C-க்கு மேல் தானாகப் பற்றக்கூடியது என்றாலும், சில மில்லி நொடிகளுக்குள் பற்றுவதற்கு அதைவிட மிகுதியான வெப்பம் தேவை.

முன்னறை கொண்ட எந்திரங்களில் வெப்ப இழப்பு இன்னும் அதிகம். ஆகவே அவற்றில் ஹீட்டர் பிளக்குகள் பொருத்தப்படுகின்றன.

புகையைக் கவனித்தல்

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது புகைக்குழாயைப் பார்த்தால் போதும்.

• புகையே வராவிட்டால், எரிபொருள் உருளையை அடையவில்லை.
• வெண்புகை வந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. வெப்பம், அமுக்கம், தெளிப்பு நேரம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.
• கிளம்பிய பின் சிறிது நேரம் நடுங்கி, வெண்புகை விட்டுச் சீரானால், ஓரிரு உருளைகளில் மட்டும் ஹீட்டர் பிளக் பழுதாகவோ அமுக்கம் குறைவாகவோ இருக்கலாம்.

சுழலும் வேகம்

அடுத்து பேட்டரியைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம், எந்திரம் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ ஐயுற வேண்டும். கடுங்குளிரில் பேட்டரியின் திறன் பாதியளவுக்குக் குறையும். அதே வேளையில் எண்ணெய் கெட்டியாகி எந்திரம் சுழல்வதும் கடினமாகும். துருப்பிடித்த மின்முனைகளும் தளர்ந்த தரை இணைப்பும் இதே விளைவைத் தரும்.

ஹீட்டர் பிளக்

பிளக்கின் மின்கம்பியைக் கழற்றி, அதன் முனைக்கும் எந்திர உடலுக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். நல்ல பிளக்கில் அது பொதுவாக 1 ஓமுக்குக் குறைவாக இருக்கும். மின்தொடர்பே இல்லாவிட்டால் பிளக் பழுதாகிவிட்டது. எல்லாப் பிளக்குகளும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிலேயோ பியூசோ பழுதாகியிருக்கலாம்.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் ஓஎம்617 என்னும் ஐந்து உருளை எந்திரத்தின் தொடக்ககால வடிவங்களில் பிளக்குகள் தொடரிணைப்பில் இருந்தன. ஒன்று பழுதானால் ஐந்தும் செயலிழக்கும். பின்னர் வந்தவற்றில் பக்க இணைப்பு உள்ளதால் மற்றவை தொடர்ந்து வேலை செய்யும்.

எரிபொருளில் காற்று

இரவில் எரிபொருள் தொட்டிக்கே திரும்பி வடிந்து, குழாயில் காற்று புகுவது பழைய வண்டிகளில் வழக்கம். வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த இணைப்பு, பழைய வாஷர் ஆகியன இதற்குக் காரணமாகும். காலையில் கைப்பம்பை அடித்த பின் எந்திரம் உடனே கிளம்பினால், கோளாறு இங்கேதான் உள்ளது. மாறாக, ஹீட்டரை இருமுறை இயக்கிய பின் கிளம்பினால், வெப்பப் பற்றாக்குறையே காரணம். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து பில்டரை அடைப்பதும் உண்டு.

அமுக்கம்

மேற்கண்டவை சரியாக இருந்தும் வெண்புகை நீடித்தால் அமுக்கத்தை அளக்க வேண்டும். அதற்கு முன் வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது நல்லது. இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாவிட்டாலும் அமுக்கம் குறையும். செலவின்றி இதைச் சரிசெய்யலாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எந்திரத்தைப் பிரிப்பது தவிர வழியில்லை.

எச்சரிக்கை

ஹீட்டர் பிளக் உள்ள எந்திரத்தில் ஈதர் கலந்த தொடக்கத் தெளிப்பைப் பயன்படுத்தக் கூடாது. சூடான பிளக்கில் பட்டு அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் வளையங்களையும் உடைக்கக்கூடும். தெளிப்பானிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் அழுத்தம் கொண்டது. அதன் முன் கையை நீட்டக் கூடாது. ஸ்டார்ட்டரை இடைவிடாமல் இயக்கினால் அது சூடேறிக் கருகும். எரியாத டீசல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, தேய்மானத்தையும் மிகுதியாக்கும்.