கடைக்கோடிக் குழாயின் நீர்

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தூயதாகப் புறப்படும் நீர், வீடு சேர்வதற்குள் மாசடைவது ஏன்? நம் சிறு நகரங்கள் பலவற்றில் நாளில் சில மணி நேரமே நீர் திறக்கப்படுகிறது. மற்ற வேளைகளில் குழாய்களில் அழுத்தம் இராது. அப்பொழுது, சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயின் வெடிப்புகள் வழியே கழிவுநீர் உட்புகலாம். மறுமுறை நீர் திறந்ததும் அது முதற்குடத்திலேயே வந்து விழும்.

இதற்குக் காவலாக நிற்பது நீரில் எஞ்சியிருக்கும் குளோரின். கடைக்கோடி வீட்டிலும் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அவ்வளவு திடீரெனக் குறையுமாயின், இடையில் மாசு கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அதுவே எச்சரிக்கை. வெளுப்புத் தூளோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் வீரியம் இழக்கும் இயல்புடையது. ஆகவே, நிலையத்தில் எத்தனை மூட்டை செலவாயிற்று என்று பதிவேட்டில் குறிப்பது மட்டும் போதாது. கடைக்கோடிக் குழாயின் நீரையும் நாள்தோறும் சோதித்தல் இன்றியமையாதது.

குழாய்களில் இடையறாது அழுத்தம் இருக்கச் செய்வதே நிலையான பரிகாரம். ஒடிசாவின் பூரி நகரில், குழாயிலிருந்தே பருகத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கப்பெற்றது. அந்நிலையை எய்தும்வரை, நகராட்சிப் பணியாளரின் கண் நீர்த்தொட்டியின்மீது மட்டுமன்றி, கடைசி வீட்டின் குடத்தின்மீதும் இருத்தல் வேண்டும்.