எல்லோரும் எழுதும் கலைக்களஞ்சியம்: எழுத வருவோரின் இடர்ப்பாடுகள்

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இத்தகைய அச்சு நூலில் பிழை காணப்படின் அதைத் திருத்த மறுபதிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் இந்நிலையை மாற்றியது. அதைப் படிப்போரே திருத்தவும் கூடும். 2003இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்பு 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

ஆயினும், எவரும் எழுதலாம் என்ற அனுமதி வேறு. எழுதுவது எளிதாக இருத்தல் வேறு. புதிதாக எழுத வருவோர் கூறும் குறைகள் பல. ஓர் எடுத்துக்காட்டால் அவற்றை விளக்குவோம்.

கர்நாடகத்தின் தென் மாவட்டங்களில் கேழ்வரகு முக்கியமான உணவுப் பயிர். இந்திய, ஆப்பிரிக்கக் கேழ்வரகு வகைகளை இனக்கலப்புச் செய்து லட்சுமணய்யா என்னும் விஞ்ஞானி உருவாக்கிய ‘இண்டாப்’ ரகங்கள் அங்கே புகழ்பெற்றவை. பெங்களூரில் பணிபுரியும் தமிழறிந்த விரிவாக்க ஊழியர் ஒருவர் இச்செய்தியைக் கலைக்களஞ்சியத்தில் சேர்க்க விரும்புகிறார் எனக் கொள்வோம்.

முதல் இடர்ப்பாடு குறியீடுகள். மூல வடிவில் எழுதுங்கால், ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளையும், வேறொரு கட்டுரையுடன் இணைக்க இருபுறமும் இரண்டிரண்டு சதுர அடைப்புகளையும் இடுதல் வேண்டும். தகவல் பெட்டியை மூடும் அடைப்புகளில் ஒன்று விடுபட்டாலும் பக்கத்தின் அமைப்பே குலைந்துவிடக் கூடும். பயிரைப் பற்றி நன்கறிந்தவர் அடைப்புக்குறிகளோடு போராடி, முயற்சியையே கைவிட நேரிடுகிறது.

இரண்டாவது, சொற்கள். ஒரே பொருளுக்குத் தமிழகத்தில் ஒரு பெயரும் இலங்கையில் வேறொரு பெயரும் வழங்குதல் உண்டு. ‘ஹைட்ரஜன்’ எனத் தேடுபவர் ‘ஐதரசன்’ என்னும் தலைப்பை எதிர்பார்ப்பதில்லை. ‘ராகி’ எனத் தேடுபவர் ‘கேழ்வரகு’ப் பக்கத்தைச் சென்றடைய வழிமாற்றுப் பக்கம் இருத்தல் அவசியம்.

மூன்றாவது, சான்று. இதுவே பெரும் மனக்குறை. இருபது ஆண்டுகள் வயலில் கண்டறிந்ததை எழுதியும் அது நீக்கப்பட்டால் எவரும் வருந்துவர். ஆனால் இவ்விதிக்குத் தக்க காரணம் உண்டு. எழுதியவர் யார் என்பதைப் படிப்பவர் அறியார். ஆகவே வெளியிடப்பெற்ற சான்றைக் கொண்டே செய்தியின் உண்மையைச் சரிபார்க்க முடியும். குறை விதியில் இல்லை. காரணத்தைப் புதியவருக்குப் பொறுமையுடன் எடுத்துரைக்காமையே குறை.

இக்குறைகளைக் களைய முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 2009இல் விக்கிமீடியா நிறுவனம் எளிமையாக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குறியீடுகளை அறியாமலே எழுத உதவும் காட்சித் தொகுப்பி 2013 முதல் பல மொழிகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தமிழ் எழுத்துகளை உள்ளிடும் வசதியும் தளத்திலேயே உள்ளது. 2008இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற இணையம் மற்றும் சமூக மையம், 2012 முதல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களின் வளர்ச்சிக்கெனத் தனித் திட்டம் ஒன்றை மேற்கொண்டு பயிற்சிகள் அளித்தது.

தொடங்க விரும்புவோர் பின்வரும் முறையைக் கையாளலாம். முதலில் ‘மணல்தொட்டி’ என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுக. அடுத்து, இருக்கும் கட்டுரையில் ஒரு பிழையை மட்டும் திருத்துக. புதிய செய்தியைச் சேர்க்கும்போது, வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீடு போன்ற அச்சுச் சான்றை உடன் குறிப்பிடுக. எழுதியது நீக்கப்பட்டால் மனந்தளர வேண்டா. பொதுவாக அது ‘வரலாறு’ப் பகுதியில் அழியாமல் இருக்கும். ‘உரையாடல்’ பக்கத்தில் காரணம் கேட்கலாம். வகுப்பறையில் இம்முறையைக் கற்பிக்கும் ஆசிரியர், சான்றின்றி எதையும் ஏற்கலாகாது என்னும் விஞ்ஞான மனப்பான்மையையும் உடன் கற்பித்தவராவார்.

கருவியின் கடினத்தால் ஒதுங்கி நிற்பவர்களுள் பலர், வயலையும் வகுப்பறையையும் நேரில் அறிந்தவர்கள். அவர்கள் எழுதாதவரை அக்களஞ்சியத்தில் குறைவது பக்கங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. நம் மக்களுக்கு அன்றாடம் பயன்படும் அறிவே ஆகும்.