பட்டி போட்டால் தள்ளாட்டம் நிற்குமா?

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் மாமாவுக்கு 2009இல் ஷெல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் காலோடுதான் தோட்டம் செய்கிறார். போன மாதம் அவரிடம் போயிருந்தபோது கையில் கறுப்புச் சிலிக்கோன் பட்டி ஒன்றைக் கண்டேன். அதன் நடுவில் மினுங்கும் ஹொலோகிராம் வில்லை.

"இதைப் போட்டால் தள்ளாட்டம் நிக்குமாம், பிள்ளை. மூவாயிரத்து ஐந்நூறு ரூபா."

காலைக் காட்டப் போவதற்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த காசு அது.

விற்க வந்தவர், பக்கவாட்டில் கையை நீட்டச் சொல்லிவிட்டு அதை அமத்தினாராம். மாமா சரிந்துவிட்டார். பட்டியைப் போட்டபின் மறுபடி அமத்தியபோது அசையவில்லை. "நான் கண்ணால கண்டது" என்றார்.

அவர் கண்டதில் பொய்யில்லை. நீட்டிய கையைச் சற்று வெளிப்பக்கமாக அமத்தினால் எவரும் சரிவார்கள். உடம்புப் பக்கமாக அமத்தினால் பாரம் காலுக்கு இறங்கிவிடும், ஆள் நிற்பார். பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டாம் தடவை என்ன வரப்போகிறது என்று உடம்பும் அறிந்து வைத்திருக்கும்.

இந்தப் பட்டிகளைப் பிரபலமாக்கியது 2007இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பவர் பலன்ஸ் நிறுவனம். தன் கூற்றுகளுக்கு நம்பத்தகுந்த விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அதன் அவுஸ்திரேலியக் கிளை 2010 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர உடன்பட்டது. அந்நாட்டின் நுகர்வோர் ஆணைக்குழு தலையிட்டதன் விளைவு அது. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நிறுவனம் வங்குரோத்துக்குப் போனது. விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர்களுக்கு உண்மைப் பட்டியையும் போலிப் பட்டியையும் மாறி மாறி அணிவித்துப் பார்த்தார்கள். சமநிலையிலோ பலத்திலோ வித்தியாசம் இல்லை. விற்பனையாளர்கள் செய்துகாட்டும் சோதனைகளில் மட்டும், எதை அணிந்திருந்தாலும் இரண்டாவது முறை நன்றாகச் செய்தார்கள்.

இதைச் சொன்னால் மாமா நம்புவாரா? வீட்டிலேயே செய்து பார்த்தோம். மச்சான் அறைக்குள் போய், ஒருமுறை வில்லைப் பட்டியையும் இன்னொருமுறை வெறும் இறப்பர் பட்டியையும் கைலேஞ்சியால் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கட்டினான். எது எதுவென்று ஒரு தாளில் குறித்தும் வைத்தான். கண்ணை மூடி ஒற்றைக் காலில் பத்துத் தடவை நின்றேன். முதல் தடவை ஆறு செக்கன், கடைசித் தடவை இருபது. தாளைப் பார்த்துக் கூட்டிக் கழித்தால் வெறும் பட்டிக்குத்தான் ஒரு செக்கன் கூட. எனக்குப் பழகியது, அவ்வளவே.

மாமாவும் விடவில்லை. சுவரோரம் இரண்டு காலிலும் நின்று, கட்டியிருப்பது எது என்று ஆறு தடவை சொன்னார். மூன்று சரி, மூன்று பிழை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். பட்டி விற்க யாராவது வந்தால், இப்படி மறைத்துக் கட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் வேறு. கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு என்ற மூன்றையும் வைத்துத்தான் மூளை உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. மாமாவுக்கு ஒரு பாதத்தின் உணர்வு இல்லை, அதனால் கண்ணை நம்பி நடக்கிறார். இருட்டினால் தடுமாறுவது அதனால்தான். பகலிலும் தள்ளாடினால் மீதிக் கால் போய்ப் பொருந்தும் சொக்கெற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலப்போக்கில் மீதிக் கால் மெலியும், சொக்கெற் லூசாகி உள்ளே கால் ஆடும்.

"எத்தனை சொக்ஸ் போடுறீங்கள், மாமா?"

"முந்தி ஒண்டு. இப்ப நாலு."

கழற்றிப் பார்த்தோம். தோல் சிவந்து ஓரிடத்தில் உரசிக் கிடந்தது. சொக்கெற் ஐந்து வருடம் பழையது. அடுத்த கிழமை செயற்கைக் கால் செய்யுமிடத்துக்குக் கூட்டிப்போனேன். புது சொக்கெற்றுக்கு அச்செடுத்திருக்கிறார்கள். அது வரும்வரை எவ்வளவு நேரம் கால் போடலாம், புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பட்டி இன்னும் மாமாவின் கையில்தான் இருக்கிறது. கேட்டால், "காசு குடுத்ததெல்லே" என்கிறார்.