கைத்துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம்!

நார்த்தாமலையைப் புதுக்கோட்டைக்காரர்கள் மறக்கவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று, அங்குள்ள தளத்தில் படையினர் துப்பாக்கிச் சூடு பயிற்சி எடுத்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3-ல் அவன் இறந்தான். பயிற்சித் தளத்திலேயே இப்படி என்றால், வீட்டு பீரோவில் இருக்கும் லைசென்ஸ் கைத்துப்பாக்கி?

பொது இடத்தில் அதை உடலோடு மாட்டிய உறையிலோ, அதற்கான பையிலோ, வெளியே தெரியாமல் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதெல்லாம் சினிமாவோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது. ஒரு தோட்டா சேம்பரில் தங்கியிருக்கலாம், அதையும் திறந்து பாருங்கள். பிறகு துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. சாவி, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆணியில் தொங்கக் கூடாது.