பெயரற்ற முகங்கள்
(பர்மாப் போர்ப் படச்சுருள்களும் நம் வட்டாரமும்)

முன்னுரை

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் போரிட்ட இந்தியப் படைவீரர்களின் உருவங்கள் படச்சுருள்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அவர்கள் ஆற்றைக் கடக்கின்றனர். கோவேறு கழுதைகளின் மேல் சுமையேற்றுகின்றனர். சேற்றில் சாலை அமைக்கின்றனர். அவர்கள் யாவர்? எவ்வூரினர்? இவ்வினாக்களுக்கு அப்படங்கள் விடை கூறுவதில்லை. அவ்விடையைத் தேடும் பொறுப்பில் செங்கற்பட்டு வட்டாரத்தாராகிய நமக்கும் பங்கு உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரும் நம் கடற்கரையும்

மாமல்லபுரத்திற்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வங்கக் கடலின் மறுகரையில் உள்ளது பர்மா. வணிகம், துறைமுகத் தொழில், வேளாண்மை ஆகியவற்றின் பொருட்டுத் தமிழர் பலர் அங்கே வாழ்ந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகரும் இரங்கூனில் கடை நடத்தினர், பள்ளிவாசல் எழுப்பினர். 1942 மார்ச் 8 அன்று இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பலில் இடம் கிடைக்காத பல்லாயிரவர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். வழியிலேயே மாண்டவர் பலர்.

அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் பலர் நகரை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். ஆகவே, பர்மாப் போர் நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. நம் கடற்கரை அஞ்சி உறங்காதிருந்த காலத்துப் போர் அது.

1943இல் அமைக்கப்பட்ட பதினான்காம் படையின் 13 டிவிஷன்களுள் 8 இந்திய டிவிஷன்கள் ஆகும். 1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் தடுத்து நிறுத்தப்பட்ட ஜப்பானியப் படை பின்வாங்கிற்று. 1945 மே மாதத் தொடக்கத்தில் இரங்கூன் மீட்கப்பட்டது. பாலம் கட்டுதல், சாலை போடுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகிய பணிகளைச் செய்த மதராஸ் சாப்பர்ஸ் படையினர்க்கு இப்போரில் சிறப்பிடம் உண்டு. எதிரணியில் நின்ற நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர். ஆக, அக்காட்டில் தமிழர் இருபுறமும் நின்றனர் என்பது மறத்தற்கரிய உண்மையாகும்.

படம் பிடித்த முறை

பிரிட்டிஷ் இராணுவத்தின் திரைப்பட, நிழற்படப் பிரிவு 1941இல் தோன்றியது. அதன் படப்பிடிப்பாளர்களும் படைவீரர்களே. முறுக்குவிசையால் ஓடும் கையடக்கக் கருவிகளையே போர்முனையில் பெரிதும் பயன்படுத்தினர். 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்திற்குச் சற்று மிகுதியாக ஓடும். பின்னர்ச் சுருளை மாற்றியாக வேண்டும். பெரும்பாலான காட்சிகள் ஒலியின்றியே பதிவாயின. இன்று நாம் கேட்கும் வெடியோசையும் வருணனையும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. வீரன் வாய் அசைவது தெரிகிறது. அவன் பேசியது தமிழா, தெலுங்கா, உருதுவா என்பது தெரிவதில்லை.

எடுத்த சுருளுடன் இடம், நாள், படைப்பிரிவு, காட்சிக் குறிப்பு ஆகியவற்றை எழுதிய தாளொன்றையும் படப்பிடிப்பாளர் அனுப்பினர். இத்தகைய சுருள்கள் பலவும் குறிப்புத் தாள்களும் இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. ராய் பௌல்டிங் இயக்கிய 'பர்மா விக்டரி' என்னும் 1945ஆம் ஆண்டுப் படம் இவ்வாறு எடுக்கப்பட்ட காட்சிகளைக் கொண்டே உருவானது. இந்தியாவிலோ 1943 முதல் 1946 வரை 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' என்னும் அரசு அமைப்பு போர்ச் செய்திப் படங்களை வெளியிட்டது.

காட்டியதும் காட்டாததும்

இப்படங்களைக் காண்போர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அடர்ந்த காட்டில் வெளிச்சம் குறைவு. அக்காலப் படச்சுருளுக்கோ ஒளி மிகுதியாக வேண்டும். காட்டுப் போர் பெரும்பாலும் இருளிலும் புதரிலும் சில கெச தூரத்திற்குள்ளும் நிகழ்ந்தது. ஆதலால் உண்மையான கைகலப்பு படத்தில் அரிதாகவே காணப்படுகிறது. ஆறு, சாலை, விமானத் தளம் போன்ற வெளிச்சமான வெட்டவெளிகளே மிகுதியும் பதிவாயின. 1944 டிசம்பரில் கலேவா அருகே சிந்துவின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்திற்கு அமைக்கப்பட்ட பெய்லி பாலம் இத்தகைய களங்களுள் ஒன்று.

இதிலிருந்து நாம் பெறும் கருத்து யாது? துப்பாக்கி ஏந்தியவனினும் மண்வெட்டியும் கயிறும் ஏந்தியவனே இப்படங்களில் மிகுதியாகத் தென்படுகிறான். தென்னாட்டார் பெருமளவில் ஆற்றிய பணியும் அதுவே. எனவே, தமிழ் முகங்களைத் தேடுவோர் போர்க்களக் காட்சியைவிடப் பாலக் காட்சியையும் சாலைக் காட்சியையும் ஊன்றிப் பார்த்தல் நலம்.

மற்றொன்றும் உண்டு. இவை அரசின் பொருட்டு எடுக்கப்பட்டு, தணிக்கைக்கு உட்பட்டவை. தோல்வி, நோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு அவற்றில் இடம் சிறிது. ஆதலின் படத்தைச் சான்றாகக் கொள்ளும்போது அதை எடுத்தவரின் நோக்கத்தையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

கல் கற்பிக்கும் பாடம்

பெயர் இல்லாத உருவத்தின் நிலையை விளக்க நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்வோன் அருச்சுனனா, பகீரதனா என்று அறிஞர் இன்றளவும் வாதிடுகின்றனர். விளக்கும் கல்வெட்டு அங்கே இல்லாமையே காரணம். அதே ஊரின் ஆதிவராகக் குகையிலோ அரச உருவங்களின் மேல் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்கள் எவ்வரசரைக் குறிப்பன என்பதில் கருத்து வேறுபாடு உண்டெனினும், ஆய்வு தொடங்குவதற்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. சற்றுத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினக் கோட்டையில் டச்சுக்காரரின் கல்லறைகள் கூடப் பெயர் தாங்கி நிற்கின்றன.

வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டார நடுகற்கள் மாடு மீட்டு மாண்ட எளிய வீரனின் பெயரையும் உருவத்தையும் ஒரே கல்லில் தாங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. முதல் உலகப் போருக்குப் பின் தமிழகத்து ஊர்கள் சிலவற்றில் நடப்பட்ட கற்களில், அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர் என்னும் எண் மட்டுமே உள்ளது. பர்மாவில் தௌக்யான் நினைவிடத்தில் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் உள்ளன, முகம் இல்லை. படச்சுருளில் முகம் உண்டு, பெயர் இல்லை.

இணைக்கும் வழி

பிரிந்தவற்றை இணைக்க வழி உண்டு. படத்தின் குறிப்புத் தாளில் படைப்பிரிவும் இடமும் நாளும் உள்ளன. நம் ஊர்ப் பெட்டிகளில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சான்றில் வீரனின் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் உள்ளன. இரண்டிலும் பொதுவாக உள்ளது படைப்பிரிவே. அதனைப் பாலமாகக் கொண்டால், இன்னார் இன்ன நாளில் இன்ன ஆற்றங்கரையில் இருந்திருக்கக்கூடும் என்னும் அளவிற்கேனும் நாம் செல்லலாம். அதற்கு மேல் உறுதி கூறுதல் கூடாது. படத்தில் தோன்றும் முகம் இவருடையதே என்று ஆசையால் முடிவு செய்வது ஆய்வாகாது.

அப்போரில் நின்றோருள் மிகப் பெரும்பாலோர் இன்று இல்லை. போர்க்காலத்தில் மட்டும் பணியாற்றித் திரும்பிய பலர், ஓய்வூதியம் பெறுமளவிற்கு ஆண்டுகள் நிறையாதவர்கள். ஆதலின் ஓய்வூதியப் பதிவுகளில் அவர்களைக் காணவியலாது. அவர்களுடைய சான்றுகளோ வீடு மாறும்போதும் பழைய பெட்டி விற்கப்படும்போதும் தொலைகின்றன. இழப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது.

நிறைவுரை

ஆகவே மாணவர்கள் தத்தம் ஊரில் பர்மா சென்று வந்த முன்னோரின் சான்று, பதக்கம், கடிதம் ஆகியவற்றைக் கேட்டறிந்து படியெடுத்தல் வேண்டும். மூலத்தை உரியவரிடமே விட்டுவிடுதல் வேண்டும். சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். பெரியோர்கள் பெட்டியைத் திறந்து காட்டுதல் வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தோரின் குடும்பங்களையும் விட்டுவிடலாகாது. முகங்களை இலண்டன் பாதுகாத்து வைத்துள்ளது. பெயர்களைக் காக்க வேண்டியோர் நாமே.